விண்மீனைப் படம் பிடிக்கும் கருவி

சென்னை மாநகருக்குத் தென்மேற்கே குன்றத்தூர் என்னும் ஊர் அமைந்துள்ளது. பெரிய புராணத்தை அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய ஊர் இதுவே. ஊருக்குப் பெயர் தந்த சிறு குன்றின்மேல் முருகன் கோயில் ஒன்று உண்டு. எண்பத்து நான்கு படிகள் ஏறி அங்கே சென்றால், மேற்கே செம்பரம்பாக்கம் ஏரியின் பரப்பையும், கிழக்கே மீனம்பாக்கத்தை நோக்கி விமானங்கள் தாழ்ந்து இறங்குவதையும் காணலாம். இக்கோயிலில் முருகன் வடக்கு நோக்கி நிற்கின்றான். அவன் நோக்கும் திசையில், தொடுவானத்திற்கு மேலே ஏறக்குறைய 13 பாகை உயரத்தில் வடமீன் இருக்கின்றது. இருக்கின்றது என்றேனேயன்றிக் காணப்படுகின்றது என்று கூறவில்லை. பூந்தமல்லிப் பக்கத்து விளக்கொளி வானில் ஏறிப் பரவி, பல இரவுகளில் அதனை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகின்றது.

இவ்வூரில் எங்கள் தெருவில் வாழும் மாணவன் ஒருவன், பதினொன்றாம் வகுப்பில் பயில்பவன், சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் தன் தாயையும் அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அவனிடம் அவனுடைய தாய்மாமன் கொடுத்த பழைய காமிரா ஒன்று இருந்தது. அதனைக் கொண்டு அவன் இரவுதோறும் மொட்டை மாடியில் விண்மீன்களைப் படம் பிடித்து வந்தான். படங்கள் அவன் எண்ணியவாறு அமையவில்லை. புதிய காமிரா வாங்கினாலன்றி இனி முன்னேற இயலாது என்று அவன் முடிவு செய்திருந்தான். தையல் தொழில் செய்யும் அவன் தாய்க்கு அப்பொழுதுதான் 30,000 ரூபாய்ச் சீட்டு முதிர்ந்திருந்தது. மகன் விரும்பிய கருவியின் விலையோ அதைப்போல் மூன்று மடங்கு. எஞ்சியதை மாதத் தவணையில் கட்டலாம் என்று கடைக்காரர் கூறியிருந்தாராம்.

“இவன் கேட்பது எனக்கு விளங்கவில்லை, ஐயா. பணம் வீணாகாது என்று நீங்கள் சொன்னால் வாங்கிக் கொடுத்துவிடுவேன்” என்றார் அந்த அம்மையார்.

நான் உடனே விடை கூறவில்லை. இத்துறையில் நானும் ஒருமுறை பணத்தை வீணாக்கியவன். முன்னையதைப்போல் இரு மடங்கு படப்புள்ளிகள் கொண்ட காமிரா ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். புதிய படங்களிலும் விண்மீன்கள் பழையபடியே பஞ்சுப் பொதிகளாய் விளங்கின. குறை காமிராவில் இல்லை. வில்லையின் குவியத்தைச் செவ்வையாக அமைக்க நான் அறியாதிருந்ததே குறை. காமிராவின் பின்புறத் திரையில் ஒளிமிக்க விண்மீன் ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வில்லையைத் திருக வேண்டும். செலவில்லாத இந்த ஒரு செய்கையை அறியாமல் நான் இழந்தது இரண்டு மாதச் சம்பளம். ஆகையால், “நாளை இரவு உன் காமிராவை எடுத்துக்கொண்டு வா, தம்பி. அது என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பினேன்.

காமிரா என்ன செய்கிறது? அதன் உள்ளே, வில்லைக்குப் பின்னால், சென்சார் எனப்படும் ஒளியுணர் தகடு உள்ளது. இத்தகட்டில் பல இலட்சம் நுண்ணிய அறைகள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வோர் அறையையும் ஓர் உண்டியலாகக் கருதுங்கள். வானிலிருந்து வரும் ஒளி, நாணயங்களைப்போல ஒவ்வொரு துகளாக அவ்வுண்டியல்களில் விழுகின்றது. குறித்த நேரம் முடிந்ததும் காமிரா எல்லா உண்டியல்களையும் திறந்து எண்ணி, எண்ணிக்கை மிகுந்த இடத்தை வெளிச்சமாகவும் குறைந்த இடத்தை இருளாகவும் காட்டுகின்றது. அதுவே படம்.

கோயில் உண்டியலில் விழுவதெல்லாம் நல்ல காசாக இருப்பதில்லையன்றோ? இங்கும் அவ்வாறே. முதலாவதாக, விழும் நாணயம் எல்லாம் கணக்கில் வருவதில்லை. சில வெளியே தெறித்துவிடுகின்றன. நூற்றுக்கு எத்தனை கணக்கில் வருகின்றன என்பதே தகட்டின் திறமை. இரண்டாவதாக, ஒவ்வொரு முறை திறந்து எண்ணும்பொழுதும் எண்ணுபவர் இரண்டொன்று பிழை செய்கிறார். மூன்றாவதாக, தகடு சூடாக இருந்தால் விழாத காசும் விழுந்ததுபோல் கணக்கில் ஏறிவிடுகின்றது. இந்தப் பொய்க்கணக்கு, வெப்பம் ஏறக்குறைய 6 பாகை உயருந்தோறும் இரட்டிக்கும். ஐரோப்பாவில் குளிர்கால இரவில் உறைநிலையில் நின்று படம் பிடிப்பவரின் காமிராவைக் காட்டிலும், 27 பாகை வெப்பமுள்ள நம் ஊர் இரவில் அதே காமிராவில் இப்பொய்க்கணக்கு இருபது மடங்குக்கும் மேலாகும். வெளிநாட்டார் எழுதிய பரிந்துரைகளைப் படித்து நாம் காமிரா வாங்கும்பொழுது இதனை மறந்துவிடுகிறோம். விண்ணைப் படம் பிடிப்பதற்கென்றே செய்யப்படும் சில கருவிகளில், தகட்டைச் சுற்றுப்புறத்தினும் 30 பாகைக்கு மேல் குளிர்விக்கும் அமைப்பு உண்டு. ஆனால் அவற்றின் விலை அந்த அம்மையாரின் சீட்டுத் தொகையைப் பன்மடங்கு கடந்து நிற்கும்.

நான்காவதாக வருவதுதான் குன்றத்தூர்வாசிக்குப் பெருந்தொல்லை. தெருவிளக்குகளின் ஒளி வானில் சிதறி, விண்மீனின் ஒளியோடு கலந்து அதே உண்டியலில் விழுகின்றது. எது விண்மீன் தந்த காசு, எது தெருவிளக்கு தந்த காசு என்று பிரித்தறிய வழியில்லை.

இதனைக் கணக்கால் அளக்க நமக்கு உதவுபவர் சென்னையோடு தொடர்புடைய ஓர் அறிஞரே. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் ஒன்றை எழுப்பினர். குன்றத்தூரிலிருந்து நேர்க்கோட்டில் இருபது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவு அது. அவ்விடத்திற்கு 1861-இல் தலைவராக வந்தவர் நார்மன் ராபர்ட் போக்சன். வந்த ஆண்டிலேயே சென்னை வானில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். அவரிடம் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்து புகழ் பெற்றார். போக்சன் இந்தியாவிற்கு வருமுன், 1856-இலேயே, விண்மீன்களின் ஒளித்தரத்தை அளக்கும் முறையொன்றை வகுத்திருந்தார். ஒளித்தரத்தில் 5 படிகள் வேறுபட்டால் ஒளி 100 மடங்கு வேறுபடும். ஒரு படிக்கு ஏறக்குறைய 2.512 மடங்கு என்பது அம்முறை. இன்றும் உலகெங்கும் வானியலார் கைக்கொள்வது அதுவே.

நகர்ப்புற வானுக்கும் மலைப்புறத்து இருண்ட வானுக்கும் 3.5 படி வேறுபாடு உண்டெனக் கொள்வோம். போக்சன் முறைப்படி அது 25 மடங்கு ஆகும். இனி, நாம் படம் பிடிக்க விரும்பும் ஒளிமுகில் ஒன்று ஓர் உண்டியலில் 100 காசு இடுகின்றது என்றும், நகர வான் 10,000 காசு இடுகின்றது என்றும் வைத்துக்கொள்வோம். பதினாயிரம் காசு என்பது எல்லா உண்டியலிலும் ஒரே அளவாக விழாது. அவ்வெண்ணின் வர்க்கமூலமாகிய 100 அளவிற்கு முன்பின்னாக இருக்கும். ஒளிமுகில் தந்ததும் 100. ஏற்ற இறக்கமும் 100. ஆகவே முகில் அக்குழப்பத்தில் மூழ்கிவிடும். இருண்ட வானிலோ வான் இடுவது 400 காசே. மொத்தம் 500-க்கு ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 22. முகிலின் 100 அதைப்போல் நான்கரை மடங்காகத் தெளிவாய் எழுந்து நிற்கும்.

நகரத்தில் இருந்துகொண்டே அத்தெளிவைப் பெற இயலாதா? இயலும். ஒரே காட்சியைப் பலமுறை படம் பிடித்து, கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி கண்டால் குழப்பம் குறையும். 100 படங்களை அடுக்கினால் தெளிவு 10 மடங்கு ஆகும். 20 படங்களுக்கு நான்கரை மடங்கு. எனவே, நம் எடுத்துக்காட்டில், மலைமேல் எடுத்த ஒரு படம் குன்றத்தூரில் எடுத்த இருபது படங்களுக்கு ஒப்பாகும். இவ்வாறு அடுக்குவதற்குரிய மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவன், “அப்படியானால் புதிய காமிராவினால் பயனே இல்லையா, ஐயா?” என்று வினவினான்.

பயன் உண்டு; எவ்வளவு என்பதே கேள்வி. இத்துறையின் வரலாற்றை நோக்கினால் அது விளங்கும். சென்ற நூற்றாண்டில் வானியலார் கண்ணாடித் தகட்டில் வெள்ளி உப்புப் பூசிப் படம் பிடித்தனர். கோடைக்கானல் மலையில் 1899-இல் நிறுவப்பெற்ற ஞாயிற்று ஆய்வுக்கூடத்தில், 1904 முதல் கதிரவனைப் படமெடுத்துத் தொகுத்து வைத்துள்ளனர். நூறாண்டுக் காலக் கதிரவன் முகத்தை வரிசையாகப் பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் சிலவே. சென்னையில் பிறந்த வேணு பாப்பு, 1949-இல் அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் பயிலும்பொழுது, தாம் எடுத்த ஒளிப்படத் தகட்டில் ஒரு வால்மீனைக் கண்டார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. தாயகம் திரும்பிய அவர், சவ்வாது மலையில் ஆலங்காயத்தை அடுத்த காவலூரைத் தேர்ந்தெடுத்து, அங்கே 1968-இல் 38 சென்டிமீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியை நிறுவினார். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கு வந்தது. நம் நாட்டிலேயே உருவாக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் நாட்டுக்கு அளிக்கப்பட்டபொழுது, அதனைத் திட்டமிட்ட பாப்பு உயிரோடு இல்லை. கருவி அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. காவலூரில் உள்ள 45 சென்டிமீட்டர் சிமிட் தொலைநோக்கியின் வழியாக 1988-இல் இராஜமோகன் கண்ட சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

அந்த நாளைய கண்ணாடித் தகடு, தன்மேல் விழுந்த நூறு ஒளித்துகள்களுள் இரண்டொன்றையே பதிவு செய்தது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்னும் இருவர் சி.சி.டி. என்னும் மின்னணுத் தகட்டைக் கண்டனர். அதற்காக 2009-இல் நோபல் பரிசும் பெற்றனர். நூற்றுக்கு இரண்டு என்பது ஐம்பதாகவும் எண்பதாகவும் உயர்ந்தது. தொலைநோக்கியை மாற்றாமலே அதன் பார்வை பன்மடங்கு நீண்டது. காமிராவை மாற்றுவதனால் பெரும்பயன் விளைந்த காலம் அது. இன்றோ, நம் மாணவனின் பழைய காமிராத் தகடு நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பதைக் கணக்கில் சேர்க்கும் எனக் கொண்டால், மிகச் சிறந்த புதிய தகடு எண்பதைச் சேர்க்கலாம். ஆதாயம் இரு மடங்கு. நூறு மடங்கு ஆதாயத்திற்கு இனி இடமில்லை. ஏனெனில் நூற்றுக்கு நூறுக்கு மேல் எந்தத் தகடும் சேர்க்க முடியாது.

வில்லையை மாற்றினால் ஆதாயம் எவ்வளவு? காமிராவோடு வரும் சாதாரண வில்லையின் திறப்பு எண் பெரும்பாலும் 5.6. ஐம்பது மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள எளிய வில்லையொன்றை 2.8 திறப்பில் வைத்தால், தகட்டில் விழும் ஒளி நான்கு மடங்காகும். அத்தகைய வில்லை பழைய பொருளாக வாங்கும்பொழுது மிக மலிவு. காமிரா பெற்றுத் தந்த இரு மடங்கைவிட இது மேல் அன்றோ?

இங்கு ஐ.எஸ்.ஓ. எண்ணைப்பற்றி ஒரு சொல். அதனை உயர்த்தினால் அதிக ஒளி சேரும் என்று பலர் நினைக்கின்றனர். சேராது. அது எண்ணிய கணக்கை உரத்த குரலில் படிப்பதைப் போன்றது. குரல் உயர்ந்ததால் உண்டியலில் காசு கூடுவதில்லை. ‘ஐ.எஸ்.ஓ. ஓர் இலட்சம்’ என்ற விளம்பரத்தைக் கண்டு பணத்தை எடுப்பதற்குமுன் இதனை நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து நேரம். பூமி சுழல்வதால் வானநடுக்கோட்டருகே உள்ள விண்மீன் ஒரு விநாடியில் 15 விகலை நகர்கின்றது. ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கே விகலை. மாணவனின் காமிராவில் 50 மில்லிமீட்டர் வில்லையைப் பூட்டினால் ஒரு படப்புள்ளி ஏறக்குறைய 16 விகலை வானத்தைக் காணும். எனவே ஒரு விநாடிக்கு ஒரு புள்ளி வீதம் விண்மீன் கோடாக நீளும். 500-ஐக் குவியத்தூரத்தால் வகுத்தால் கிடைக்கும் விநாடிகள்வரை படம் பிடிக்கலாம் என்பது பழைய வாய்பாடு. சிறு தகடாயின் குவியத்தூரத்தை முதலில் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும். அவ்வாறு பார்த்தால் 6 அல்லது 7 விநாடி வரும். இன்றைய நுண்புள்ளித் தகடுகளுக்கு அவ்வாய்பாடு சற்றுத் தாராளமானது. நான் அதில் பாதியையே கொள்வேன்.

மூன்று விநாடியில் என்ன ஒளி சேரும்? காமிராவே விண்மீனைப் பின்தொடர்ந்து திரும்புமானால் ஒரு நிமிடம் திறந்து வைக்கலாம்; இருபது மடங்கு ஆதாயம். பின்தொடரும் இயந்திரங்கள் கடையில் உண்டு. ஆயினும் அவற்றுள் பல சீட்டுப் பணம் முழுவதையும் விழுங்கிவிடும். ஆகவே நாங்கள் தச்சரிடம் சென்றோம்.

இரண்டு பலகைகளைப் புத்தகம்போல் ஒரு கீலினால் இணைக்க வேண்டும். கீழ்ப்பலகை முக்காலியின்மேல் நிற்கும்; மேற்பலகை காமிராவைத் தாங்கும். கீலின் அச்சு வடமீனை நோக்கியிருக்க வேண்டும். கீலிலிருந்து 228.6 மில்லிமீட்டர் தொலைவில், ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னேறும் ஆறு மில்லிமீட்டர்த் திருகாணி ஒன்றைக் கீழ்ப்பலகையில் பொருத்த வேண்டும். அதனை நிமிடத்திற்கு ஒரு சுற்றுச் சுற்றினால் மேற்பலகை பூமியின் சுழற்சிக்கு ஈடாக எழும். அத்தொலைவு எவ்வாறு கிடைத்தது? விண்மீன்கள் ஒரு சுற்று வர 1,436 நிமிடம் ஆகின்றது. நிமிடத்திற்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் 1,436 மில்லிமீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தின் ஆரம் 228.6 மில்லிமீட்டர்தானே! திருகாணியின் தலையில் வட்டத் தகடு ஒன்றை ஒட்டி, கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளோடு ஒத்து அதனைக் கையால் மெல்லத் திருப்பினாலே போதும். நம் ஊரின் அகலாங்கு 13 பாகை ஆதலால், கீல் 13 பாகை மட்டுமே சாய்ந்திருந்தால் போதும். சிறிய ஆப்புக்கட்டை ஒன்றே அச்சாய்வைத் தந்துவிடும். வடமீன் விளக்கொளியில் மறைந்த இரவில், திசைகாட்டியைக் கொண்டு வடக்கை ஓரளவு குறித்துக்கொள்ளலாம்.

ஓர் உண்மையை மறைத்தல் தகாது. குன்றத்தூர் மாடியிலிருந்து அகன்ற வானத்தைப் படம் பிடிப்பவனுக்கு, ஒரு நிமிடப் படம் ஒன்றும் மூன்று விநாடிப் படங்கள் இருபதும் ஏறக்குறைய ஒரே பயன் தரும். எண்ணும் பிழை வானொளியின் குழப்பத்தில் அமுங்கிவிடுவதால், பலமுறை எண்ணுவதனால் பெருங்கேடு இல்லை. பின்தொடரும் கருவியின் முழு ஆற்றலும் இருண்ட வானின்கீழும், நீண்ட வில்லையைப் பூட்டும்பொழுதும்தான் வெளிப்படும்.

காமிராவையே மாற்ற வேண்டிய நிலை எப்பொழுது வரும்? உள்ள கருவி ‘ரா’ என்னும் மூலப்பதிவைத் தராவிட்டால் மாற்றத்தான் வேண்டும். சாதாரண ஜேபெக் படம் ஒரு நிறத்தின் ஒளிச்சாயலை 256 படிகளில் எழுதும்; 14 பிட் மூலப்பதிவு 16,384 படிகளில் எழுதும். மங்கிய முகில்கள் அந்த நுண்படிகளுக்கிடையேதான் ஒளிந்திருக்கின்றன. திறந்திருக்கும் நேரத்தையும் குவியத்தையும் நாமே கையால் அமைக்க முடியாத கருவியும் இதற்கு உதவாது.

சிவந்த முகில்களை விரும்புவோர்க்கு வேறொரு காரணமும் உண்டு. விண்வெளியில் நீரகவாயு 656.3 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பில் ஒளிர்கின்றது. மனிதர் முகம் இயல்பான நிறத்தில் தோன்றுவதற்காகக் காமிரா செய்வோர் தகட்டின்முன் ஒரு வடிகட்டியை வைக்கின்றனர். அது இச்சிவப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தடுத்துவிடுகின்றது. கானன் நிறுவனத்தார் 2005-இலும் 2012-இலும், நிக்கான் நிறுவனத்தார் 2015-இலும், வானியலுக்கென்றே இவ்வடிகட்டியை மாற்றிய காமிராக்களை வெளியிட்டனர். அவற்றின் விலை மிகுதி. ஆனால் பழைய காமிரா ஒன்றை வாங்கி, கைதேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் வடிகட்டியை மட்டும் மாற்றச் செய்தால் ஏறக்குறைய அதே பயன் கிட்டும். மலிவாகச் செய்யக்கூடிய காமிரா மாற்றங்களுள் எனக்குத் தெரிந்தவரை இதுவே சிறந்தது. மாற்றிய காமிராவில் திருமணப் படம் எடுத்தால் மணமக்கள் சிவந்து தோன்றுவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோள்களைப் படம் பிடிக்க விரும்புவோன் முற்றிலும் வேறு வழியில் செல்ல வேண்டும். வியாழன் பெரிதாகத் தோன்றும் காலத்திலும் அதன் அகலம் ஏறக்குறைய 45 விகலையே. 1,200 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள தொலைநோக்கி அதனைத் தகட்டின்மேல் கால் மில்லிமீட்டர் அகலமுள்ள பொட்டாகவே வீழ்த்தும். பெரிய தகட்டின் எஞ்சிய பரப்பெல்லாம் வெற்றிடம். அதற்கு நாம் கொடுத்த பணமும் வீண். நகத்தளவுத் தகடு கொண்டு, ஒரு விநாடிக்குப் பல படங்களை விரைந்து எடுக்கும் சிறிய காமிராவே அதற்கு ஏற்றது. காற்றின் அலைவு ஓய்ந்த கணங்களில் விழுந்த படங்களை மட்டும் பொறுக்கி அடுக்கிக்கொள்ளலாம். நிலவைப் படம் பிடிக்கவோ, தொலைநோக்கியின் கண்வில்லையில் கைப்பேசியைப் பொருத்தினாலே தொடக்கத்திற்குப் போதும்.

பழைய கருவி வாங்கும்பொழுது சிலவற்றைச் சோதித்துப் பார்த்தே வாங்க வேண்டும். காமிராவின் மூடுதிரை எத்தனை முறை இயங்கியுள்ளது என்று கேளுங்கள். எளிய காமிராக்களில் அது ஏறக்குறைய ஓர் இலட்சம் முறை இயங்கும் வகையில் அமைக்கப்படுகின்றது. வில்லையின் வாயை மூடி, 30 விநாடி திறந்துவைத்து ஒரு படம் எடுங்கள். கருமைக்கிடையே மின்னும் பொய் விண்மீன்கள் மிகுதியாக இருந்தால் அத்தகடு வேண்டா. வில்லையின் ஒருபுறம் கைவிளக்கை வைத்து மறுபுறம் பாருங்கள். சிலந்திவலைபோன்ற மெல்லிய இழைகள் தோன்றினால் பூஞ்சை பிடித்திருக்கின்றது என்று பொருள். கடலருகே ஈரக்காற்று வீசும் நம் பகுதியில் இக்கேடு மிகப் பொதுவானது. இச்சோதனை தெரியாத நாளில் நான் வாங்கிய வில்லையொன்று இன்றும் என் வீட்டில் காகிதப்பளுவாகப் பயன்படுகிறது.

நம் மாணவனின் பழைய காமிரா மூலப்பதிவு தந்தது. இருண்ட சோதனையிலும் தேறியது. ஆகையால் அதை மாற்ற வேண்டா என்றேன். முதலில் அவன் முகம் வாடியது. அதனை மறைக்க அவன் முயலவும் இல்லை. பழைய 50 மில்லிமீட்டர் வில்லை ஒன்று, கை படாமலே காமிராவை இயக்கும் நேரக்கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று, உறுதியான முக்காலி, தச்சர் கூலி, திருகாணி ஆகிய யாவும் சேர்ந்து சீட்டுப் பணத்தில் பாதியைத் தொடவில்லை. எஞ்சியதை அவன் தாய் எண்ணி முடிந்துகொண்டார்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டாற்போல் தெளிந்திருந்த தை மாதத்து இரவொன்றில் மூவரும் மாடி ஏறினோம். ஓரையன் என்னும் வேட்டைக்காரன் உடு மண்டலம் உச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது. மாணவன் விநாடி முள்ளைப் பார்த்துத் திருகாணியைத் திருப்ப, நான் நிமிடங்களைக் குறித்தேன். அறுபது படங்களுள் ஒன்பது அவன் கை நடுங்கியதால் கெட்டன. இரண்டில் விமானம் குறுக்கே சென்றது. எஞ்சியவற்றை அடுக்கியபொழுது, வேட்டைக்காரனின் வாளிடத்தே ஊதா கலந்த இளஞ்சிவப்பு மலரொன்று இதழ் விரித்தாற்போல் அந்த ஒளிமுகில் திரையில் எழுந்தது.

“இது எவ்வளவு தொலைவில் இருக்கிறது?” என்று அவன் தாய் கேட்டார்.

“ஏறக்குறைய 1,300 ஒளியாண்டு, அம்மா. இந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டபொழுது இங்கே பல்லவர் ஆட்சி” என்றான் மகன்.

அவர் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தப் பலகையின் கீலில் துரு ஏறத் தொடங்கியிருப்பதைச் சுட்டிக்காட்டி, தையல் இயந்திரத்திற்கு இடும் எண்ணெயைக் கீழிருந்து எடுத்துவந்து கொடுத்தார். சித்திரை மாதத்து நள்ளிரவில் தென்வானில் 29 பாகை உயரத்தில் வரும் ஒமேகா செந்தாரி என்னும் விண்மீன் கொத்தை அவன் அடுத்துப் படம் பிடிக்க இருக்கிறான். இலண்டன் மாநகரத்தார் தம் ஊரில் இருந்துகொண்டு அதனை ஒருபொழுதும் காண இயலாது.